ஆளுநரின் கையெழுத்து: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலைப் பாடசாலைகளில் இருபத்தாறு ஆண்டுகள் குடியியற் கல்வி கற்பித்தேன். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தாலும் கேள்விகள் ஓயவில்லை. சந்தையில், பஸ் நிலையத்தில், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் என்னிடம் படித்தவர்கள் மறித்துக் கேட்கிறார்கள். ஆளுநர் பற்றிய கேள்விகளே அதிகம். அவர்களில் பலர் இன்று மாகாண சேவையில் இருக்கிறார்கள். நியமனம், இடமாற்றம், பதவி உயர்வு என்று எதை எடுத்தாலும் அது உவர்மலையில் உள்ள ஆளுநர் செயலகத்தில் போய் முடிகிறது. நின்ற நிலையில் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மாகாண ஆளுநர் என்பவர் யார்? அவரை யார் நியமிக்கிறார்கள்?

1987 ஜூலை 29 அன்று இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் தொடர்ச்சியாக அதே ஆண்டு நவம்பரில் மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும் 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் வந்தன. மாகாண சபை நிறுவப்பட்ட ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஓர் ஆளுநர் இருக்க வேண்டும் என்று 154ஆ உறுப்புரை சொல்கிறது. ஜனாதிபதி தம் கைப்பட எழுதும் ஆணையால் அவரை நியமிக்கிறார். மக்கள் வாக்களிப்பதில்லை; மாகாண சபையின் கருத்தும் கேட்கப்படுவதில்லை. பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். ஆனால் ஜனாதிபதி விரும்பும் வரையில்தான் அந்தப் பதவியில் இருக்கலாம் என்ற நிபந்தனையும் அதே உறுப்புரையில் இருக்கிறது. ஐந்து ஆண்டு என்ற எண்ணிக்கையை நம்பி இருக்க முடியாது என்பதைத் திருகோணமலை கண்ணால் கண்டிருக்கிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் கிழக்கு மாகாண ஆளுநராக மூவர் பதவியேற்றார்கள்: ஜனவரியில் எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லாஹ், ஜூனில் ஷான் விஜயலால் டி சில்வா, ஜனாதிபதி மாறியதும் டிசெம்பரில் அனுராதா யஹம்பத்.

இலங்கை கூட்டாட்சி நாடு இல்லையே. பிறகு ஆளுநர் எதற்கு?

சரியான கேள்வி. அரசியலமைப்பின் 2ஆவது உறுப்புரை இலங்கையை ஒற்றையாட்சி அரசு என்று சொல்கிறது. 13ஆவது திருத்தச் சட்டமூலம் நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குச் சென்றபோது ஒன்பது நீதியரசர்கள் அதை ஆராய்ந்தார்கள். ஒற்றையாட்சித் தன்மை இதனால் கெடவில்லை என்ற முடிவு மயிரிழைப் பெரும்பான்மையில்தான் வந்தது. அந்த முடிவுக்குத் துணை நின்ற காரணங்களில் ஆளுநரும் ஒருவர். மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம் இருக்கிறது, ஆளுநர் ஜனாதிபதிக்குக் கட்டுப்பட்டவர், ஆகவே அதிகாரம் மையத்தை விட்டு முழுதாகப் போய்விடவில்லை என்பது அந்த வாதம்.

வகுப்பில் இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நிற்பேன். பிள்ளைகளிடம் சொல்வேன்: வீட்டைப் பிரித்துக் கொடுத்த தகப்பன் ஒரு திறப்பை (சாவியை) தன் மடியில் வைத்துக்கொண்டதைப் போன்றது இது. ஆளுநர்தான் அந்தத் திறப்பு. இந்தியாவில் ஆளுநர் என்ற பதவி கூட்டாட்சிக்கு உள்ளே இருக்கிறது. அதன் அமைப்பைப் பார்த்து எழுதிய பதவியை நாம் ஒற்றையாட்சிக்குள் வைத்திருக்கிறோம். சொற்கள் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் அதே சொற்கள் இங்கே மையத்தின் பக்கம் கூடுதலாகச் சாய்கின்றன.

ஆளுநரும் அரசாங்க அதிபரும் ஒருவரா? எந்தக் காரியத்துக்கு யாரிடம் போவது?

இருவரும் வேறு வேறு. அரசாங்க அதிபர் மாவட்டச் செயலாளர், கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தில் இருப்பவர், மத்திய அரசின் நிர்வாகத்தைச் சேர்ந்த அரச உத்தியோகத்தர். ஆளுநர் திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய மூன்று மாவட்டங்களும் அடங்கிய மாகாணம் முழுவதற்கும் உரியவர். மாகாணப் பாடசாலை, மாகாண சுகாதாரம், மாகாண வீதி, உள்ளூராட்சி மன்றங்களின் மேற்பார்வை, வாகன வருமான அனுமதிப்பத்திரம் போன்றவை மாகாணத்தின் பக்கம். தேசிய பாடசாலை, பொலிஸ், குடிவரவு, அடையாள அட்டை போன்றவை மத்தியின் பக்கம். தேசிய பாடசாலை ஆசிரியர் ஒருவர் தமது இடமாற்றத்துக்காக ஆளுநர் செயலக வாசலில் அரை நாள் காத்திருந்துவிட்டு வந்து என்னிடம் வருத்தப்பட்டார். அவருடைய கோப்பு கொழும்பில் இருந்தது.

முதலமைச்சர் சொல்வதை ஆளுநர் கேட்டே ஆக வேண்டுமா?

பொதுவான விதி அதுதான். முதலமைச்சரும் நான்கு பேருக்கு மேற்படாத அமைச்சர்களும் சேர்ந்தது அமைச்சர் வாரியம். ஆளுநர் தமது பணிகளைச் செய்யும்போது அந்த வாரியத்தின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். சபையைக் கூட்டுவது, ஒத்திவைப்பது, கலைப்பது எல்லாம் முதலமைச்சரின் ஆலோசனைப்படிதான். வாரியத்துக்குச் சபையில் பெரும்பான்மை ஆதரவு இருக்கும் வரை.

விதிவிலக்கு ஒன்றும் இருக்கிறது. ஆளுநர் தம் தற்றுணிபின்படி செய்ய வேண்டியவை என்று அரசியலமைப்பு ஒதுக்கியவற்றில் இந்த ஆலோசனை தேவையில்லை. ஒரு விடயம் தற்றுணிபுக்கு உட்பட்டதா இல்லையா என்ற சந்தேகம் எழுந்தால் அதையும் ஆளுநரே தீர்மானிக்கலாம். இதற்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய வாக்கியம் இருக்கிறது: ஆளுநரின் தற்றுணிபு ஜனாதிபதியின் பணிப்புரைகளின்படி செலுத்தப்பட வேண்டும். இந்த ஒரு வரியைத்தான் நான் கரும்பலகையில் எழுதிக் கீழே கோடு போடுவேன். தற்றுணிபு என்றால் தன் புத்திக்குப் பட்டபடி முடிவெடுப்பது. அதை இன்னொருவரின் பணிப்புரைப்படி செய்ய வேண்டும் என்றால், முடிவு உண்மையில் யாருடையது? உவர்மலையில் கையெழுத்து விழுகிறது, கொழும்பில் தீர்மானம் நடக்கிறது. இதை நான் எந்த ஆளுநரையும் குறைசொல்வதற்காக எழுதவில்லை. சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

மாகாண நிர்வாகத்தின் தலைமை உத்தியோகத்தரான பிரதம செயலாளரைப் பாருங்கள். அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஆனால் முதலமைச்சரின் இணக்கத்துடன் நியமிக்க வேண்டும். இப்படித் திருத்தமும் சட்டமும் பல இடங்களில் இரண்டு கைகளை வைத்திருக்கின்றன. மேலிருந்து ஒரு கை, மாகாணத்து மக்களிடமிருந்து ஒரு கை. இதை நினைவில் வைத்திருங்கள். கீழே மறுபடியும் வருகிறேன்.

தனக்குப் பிடித்தவரை ஆளுநர் முதலமைச்சராக நியமிக்கலாமா?

ஒரு கட்சிக்குச் சபையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. அந்தக் கட்சியின் தலைவரை நியமித்தாக வேண்டும். எவருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாதபோதுதான் யாரால் பெரும்பான்மை திரட்ட முடியும் என்பதில் ஆளுநரின் கருத்துக்கு இடம் வருகிறது. 1993 தேர்தலுக்குப் பின் வடமேல் மாகாணத்தில் இந்த நிலை வந்தது. ஆளுநர் மொன்டேகு ஜயவிக்ரம செய்த முதலமைச்சர் நியமனம் நீதிமன்றம் போனது. ஆளுநரின் இந்த அதிகாரம் கட்டற்றது அல்ல, நீதிமன்றம் அதை மீளாய்வு செய்யலாம் என்று உயர் நீதிமன்றம் 1994இல் தீர்மானித்தது. மாகாண ஆளுநர்கள் பற்றிய தீர்ப்புகளில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: நாங்கள் உயர் நீதிமன்றம் என்று எழுதுவது நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றத்தை. நீங்கள் உயர் நீதிமன்றம் என்பதற்கு எங்களிடம் மேல் நீதிமன்றம் என்று பெயர்.

ஒரு மாகாண அமைச்சரை நீக்குவது யார்?

2017இல் வடக்கு மாகாண முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன் தமது அமைச்சர்களில் ஒருவரான பா. டெனீஸ்வரனை நீக்கினார். டெனீஸ்வரன் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றார். அமைச்சரை நியமிப்பவர் முதலமைச்சரின் ஆலோசனைப்படி ஆளுநர்; ஆகவே நீக்கும் அதிகாரமும் ஆளுநரிடமே, முதலமைச்சரிடம் இல்லை என்ற நிலைப்பாட்டை நீதிமன்றம் எடுத்தது. முதலமைச்சர் நினைத்தால் போதும் என்று எண்ணியிருந்த பலருக்கு இது அதிர்ச்சியாக இருந்தது. முறைப்படி சென்றிருந்தால் ஒரு கடிதத்தில் முடிந்திருக்கக்கூடிய காரியம்.

சபை நிறைவேற்றிய நியதிச்சட்டத்தை ஆளுநர் கிடப்பில் போடலாமா?

மாகாண சபை இயற்றும் சட்டத்துக்கு நியதிச்சட்டம் என்று பெயர். ஆளுநரின் சம்மதம் கிடைத்தால்தான் அது நடைமுறைக்கு வரும். அவர் சம்மதிக்கலாம், அல்லது மீண்டும் ஆராயுமாறு சபைக்குத் திருப்பி அனுப்பலாம். சபை மறுபடியும் நிறைவேற்றினால், அவர் சம்மதிக்க வேண்டும் அல்லது ஜனாதிபதி அதை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்புவதற்காக ஒதுக்கி வைக்க வேண்டும். இரண்டாம் முறை நிறைவேறி ஒரு மாதத்துக்குள் அது நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று நீதிமன்றம் சொன்னால் ஆளுநர் சம்மதித்தே ஆக வேண்டும்.

தாளில் பார்க்க நேர்த்தியான ஏற்பாடு. ஓட்டை முதல் படியில் இருக்கிறது. திருப்பி அனுப்புவதாக இருந்தால் இயன்றளவு விரைவில் அனுப்ப வேண்டும் என்று மட்டுமே இருக்கிறது. இத்தனை நாள் என்று இல்லை. ‘இயன்றளவு விரைவில்’ என்ற சொற்களுக்குள் எத்தனை மாதம் அடங்கும் என்பது அரச அலுவலகங்களில் கோப்புகளோடு அலைந்த எல்லோருக்கும் தெரியும். பணம் சம்பந்தப்பட்ட நியதிச்சட்டத்தை ஆளுநரின் சிபாரிசு இல்லாமல் சபையில் கொண்டுவரவே முடியாது என்பது இன்னொரு பூட்டு. வரி போடவோ நிதியை ஒதுக்கவோ நினைக்கும் சபை முதலில் உவர்மலையின் வாசலைத் தட்ட வேண்டியிருக்கிறது.

சபையை ஆளுநர் தாமாகக் கலைக்கலாமா?

பெரும்பான்மை ஆதரவுள்ள வாரியம் இருக்கும்போது, முதலமைச்சரின் ஆலோசனை இல்லாமல் முடியாது. 1998இல் வட மத்திய மாகாண ஆளுநர் மைத்ரிபால சேனாநாயக்க சபையைக் கலைத்த விடயம் வழக்காகி, இந்த நிலைப்பாடு நீதிமன்றத்தில் உறுதியானது.

வேறொரு வழியும் இருக்கிறது. மாகாண நிர்வாகத்தை அரசியலமைப்பின்படி கொண்டுநடத்த முடியவில்லை என்று ஆளுநர் அறிக்கை கொடுத்தால், அல்லது வேறு வழியில் ஜனாதிபதிக்கு அப்படித் தோன்றினால், அவர் பிரகடனம் செய்து மாகாணத்தின் அதிகாரங்களைத் தம்மிடம் எடுத்துக்கொள்ளலாம். பாராளுமன்றம் அதை அங்கீகரிக்க வேண்டும்.

திருகோணமலை வடக்கு கிழக்கின் தலைநகராக இருந்ததாமே? அந்தச் சபைக்கு என்ன நடந்தது?

இளையவர்கள் இதை ஏதோ புராணக் கதை போலக் கேட்கிறார்கள். எங்கள் வயதினருக்கு அது வீதியில் நடந்த வரலாறு. 1988 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன வடக்கையும் கிழக்கையும் ஒரே நிர்வாக அலகாக்கினார். 1988 நவம்பர் 19 அன்று தேர்தல். டிசெம்பரில் அ. வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். முதல் ஆளுநர், முன்னாள் இராணுவத் தளபதி நளின் செனெவிரத்ன. இந்திய அமைதிப்படை வீதிகளில் நின்ற காலம். சபைக்குக் கட்டடம் கிடைத்தது, கொடி கிடைத்தது. கையில் அதிகாரமும் பணமும் வந்து சேரவில்லை. 1990 மார்ச் 1 அன்று, அமைதிப்படை கடைசியாகக் கப்பல் ஏறுவதற்குச் சில வாரங்களுக்கு முன், முதலமைச்சர் சபையில் தனிநாட்டுத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஜனாதிபதி பிரேமதாசவின் அரசாங்கம் அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி அந்தச் சபையைக் கலைத்தது.

அதற்குப் பின் 2008 வரை, பதினெட்டு ஆண்டுகள், திருகோணமலையில் ஆளுநர் இருந்தார், சபை இருக்கவில்லை. நடிகர் காமினி பொன்சேகா ஆளுநராக இருந்த ஆண்டுகளும் அதில் அடங்கும். 2006 ஒக்டோபர் 16 அன்று இணைப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி 1 முதல் கிழக்கு தனி மாகாணமானது. 2008 மே 10 அன்று 37 உறுப்பினர்களைக் கொண்ட கிழக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்து சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சரானார். 2012 செப்டெம்பர் 8 அன்று இரண்டாவது தேர்தல். நஜீப் அப்துல் மஜீத்தும், 2015 பெப்ரவரி முதல் நஸீர் அஹமட்டும் முதலமைச்சர்களாக இருந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1988இலிருந்து இன்றுவரை திருகோணமலையில் தேர்ந்தெடுத்த சபை இருந்த ஆண்டுகள் பதினொன்றைத் தாண்டாது. ஆளுநர் மட்டும் இருந்த ஆண்டுகள் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இப்போது சபை இல்லை. ஆளுநர் என்ன அதிகாரத்தில் மாகாணத்தை நடத்துகிறார்?

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30 அன்று முடிந்தது. அதே மாதம் பாராளுமன்றம் 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. பெண்களின் பிரதிநிதித்துவத்தைக் கூட்டுவதற்கென்று வந்த சட்டமூலம் அது. குழுநிலையில் தேர்தல் முறையையே மாற்றும் சட்டமாகிவிட்டது. புதிய முறைக்குத் தொகுதிகளைப் பிரிக்க வேண்டும். அந்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. பழைய முறையும் போயிற்று, புதிய முறையும் வரவில்லை. ஒன்பது மாகாணங்களிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சபைகள் காலாவதியாகின. ஆளுநர்கள் மட்டும் எஞ்சினார்கள்.

மாகாண நிறைவேற்று அதிகாரத்தை ஆளுநர் நேரடியாகவோ, அமைச்சர்கள் மூலமோ, தமக்குக் கீழுள்ள உத்தியோகத்தர்கள் மூலமோ செலுத்தலாம் என்று திருத்தத்தில் இருக்கிறது. அமைச்சர்கள் இல்லாதபோது எஞ்சியவை முதலாவதும் மூன்றாவதும். வரவு செலவுக்கு அனுமதி, வீதி வேலைகளுக்கு ஒப்புதல், பாடசாலை அபிவிருத்தி எல்லாம் அந்த ஒரே மேசைக்குப் போகின்றன.

மேலே இரண்டு கைகள் என்று எழுதினேன் அல்லவா? அதில் ஒரு கை இப்போது இல்லை. 13ஆவது திருத்தம் ஆளுநரின் கையெழுத்தை இரண்டாவது கையெழுத்தாகத்தான் வைத்தது. முதலமைச்சர் ஆலோசனை சொல்வார், ஆளுநர் ஒப்பமிடுவார். சபை நிறைவேற்றும், ஆளுநர் சம்மதிப்பார். முதலமைச்சர் இணங்குவார், பிரதம செயலாளர் வருவார். முதல் கையெழுத்து போடும் இடம் வெறுமையாக இருக்க, இரண்டாவது கையெழுத்து தனியே செல்லுபடியாகிக்கொண்டு போகிறது. வெருகலில் ஒரு பாலம் உடைந்தால், மூதூரில் ஒரு வைத்தியசாலைக்கு வைத்தியர் இல்லாவிட்டால், சபையில் எழுந்து கேட்பதற்கு ஒரு உறுப்பினர் இல்லை. மகஜர் எழுதிக்கொண்டு உவர்மலைக்குப் போக வேண்டும். தொண்டர் ஆசிரியர்களும் வேலையற்ற பட்டதாரிகளும் ஆளுநர் செயலகத்தின் முன் வெயிலில் பதாகை பிடித்துக்கொண்டு நின்றதை இந்த நகரம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறது. அவர்களில் என் மாணவர்களும் இருந்தார்கள். கேள்வி கேட்கும் இடம் சபையாக இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் தெருவில் நின்றிருக்க வேண்டியதில்லை.

சபை இல்லாதபோது மாகாண மக்களின் சார்பில் ஆளுநர் சம்மதம் சொல்லலாமா?

இதற்கு உயர் நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. 2012இல் திவிநெகும என்ற வறுமை ஒழிப்புச் சட்டமூலம் வந்தது. மாகாண சபை நிரலில், அதாவது மாகாணங்களுக்கு ஒதுக்கிய அதிகாரப் பட்டியலில், உள்ள விடயங்களை அது தொட்டதால் மாகாண சபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அப்போது வடக்கில் சபை இல்லை. வடக்கு மாகாண ஆளுநர் ஜீ.ஏ. சந்திரசிறி சம்மதம் தெரிவித்தார். தேர்ந்தெடுத்த சபையின் இடத்தில் ஆளுநர் நின்று சம்மதம் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் தீர்மானித்தது. பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்றது. நிர்வாகத்தை நடத்துவது வேறு, மக்களின் வாயாக இருப்பது வேறு என்ற இந்தப் பிரிவினை எங்கள் மாகாணத்துக்கு இன்று அப்படியே பொருந்துகிறது. ஆளுநரால் நியதிச்சட்டம் இயற்றவும் முடியாது. ஆகவே 2017க்குப் பிறகு கிழக்கில் சபை இயற்றிய புதிய நியதிச்சட்டம் எதுவும் பிறக்கவில்லை.

எனக்கு வந்த இடமாற்றத்தை ஆளுநரால் மாற்ற முடியுமா?

இந்தக் கேள்வியோடு ஒரு நாள் மாலை பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். மாகாணப் பாடசாலை ஆசிரியை; கைக்குழந்தை. நகரத்திலிருந்து மாவட்டத்தின் எல்லையிலுள்ள பாடசாலைக்கு மாற்றியிருந்தார்கள். பிளாஸ்டிக் உறையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தாள். மூன்று இறப்பர் முத்திரை, சிவப்பு மையில் ஒரு திகதி, அடியில் ஒரு கையெழுத்து, அதற்கும் கீழே பிரதிகள் யார் யாருக்கு என்று ஏழு வரி. மடிப்பில் தாள் கிழியத் தொடங்கியிருந்தது. எத்தனை அலுவலகங்களில் அதை விரித்துக் காட்டினாள் என்பதற்கு அதுவே சாட்சி. “ரீச்சர், இதில் உண்மையில் முடிவெடுத்தவர் யார்?” என்று கேட்டாள்.

மாகாணப் பொதுச் சேவையில் நியமனம், இடமாற்றம், பணிநீக்கம், ஒழுக்காற்று நடவடிக்கை ஆகிய எல்லாம் ஆளுநரின் அதிகாரம் என்று மாகாண சபைகள் சட்டம் சொல்கிறது. அவர் அதை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்கலாம். ஆணைக்குழுவின் உறுப்பினர்களை நியமிப்பவரும் ஆளுநர். ஆணைக்குழு எடுத்த முடிவை மாற்றவும் இரத்துச் செய்யவும் ஆளுநருக்கு அதிகாரம் இருக்கிறது. ஆகவே பதில்: மாற்ற முடியும். முதலில் மேன்முறையீட்டை உங்கள் நிறுவனத் தலைவர் ஊடாக ஆணைக்குழுவுக்கு எழுத்தில் அனுப்புங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள், பதிவுத்தபாலில் அனுப்பிய பற்றுச்சீட்டைக் கடிதத்தோடு இணைத்து வையுங்கள். அதன் பிறகே ஆளுநருக்கு எழுதுங்கள். யாரோ ஒருவரைத் தெரியும் என்று சொல்பவரின் பின்னால் போகாதீர்கள்.

ஆளுநரை நீக்க மக்களால் முடியுமா?

மக்களால் நேரடியாக முடியாது. மாகாண சபையால் ஓரளவு முடியும்: வேண்டுமென்றே அரசியலமைப்பை மீறினார், அதிகாரத் துஷ்பிரயோகத்தோடு ஊழல் செய்தார், இலஞ்சம் வாங்கினார் போன்ற காரணங்களுக்காக மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் தீர்மானம் நிறைவேற்றி, நீக்குமாறு ஜனாதிபதிக்கு ஆலோசனை சொல்லலாம். சபை இல்லையென்றால் அந்த வழியும் இல்லை. ஜனாதிபதிக்கோ காரணம் தேவையில்லை. 2023 மே மாதத்தில் ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க வடக்கு, கிழக்கு, வடமேல் ஆளுநர்கள் மூவரையும் பதவியிலிருந்து அகற்றினார்.

தமிழ்நாட்டு ஆளுநருக்கும் எங்கள் ஆளுநருக்கும் என்ன வேறுபாடு?

தொலைக்காட்சிச் செய்திகளால் வரும் கேள்வி. ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு ஆளுநர் எதற்கு என்று அண்ணா காலத்திலிருந்து அங்கே கேட்கிறார்கள். இந்திய ஆளுநரையும் குடியரசுத் தலைவரே நியமிக்கிறார். அங்கேயும் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பதே விதி. மாநில அரசின் பெரும்பான்மை சட்டமன்றத்திலேயே சோதிக்கப்பட வேண்டும் என்று 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு மாநில அரசுகளைக் கலைப்பது வெகுவாகக் குறைந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையிலிருந்த பேரறிவாளனின் விடுதலைக்கு 2018 செப்டெம்பரில் தமிழ்நாடு அமைச்சரவை பரிந்துரைத்தது. ஆளுநர் முடிவெடுக்காமல் வைத்திருந்து பின் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். கடைசியில் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே விடுதலை செய்தது. கிடப்பில் கிடந்த பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று 2025 ஏப்ரல் 8 அன்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் முறையும் கூடாது என்று கருத்துத் தெரிவித்தது.

அங்கே சண்டை ஆளுநருக்கும் தேர்ந்தெடுத்த அரசுக்கும் நடக்கிறது. இங்கே சண்டை பிடிப்பதற்கு எதிரில் ஆள் இல்லை. இதுவே எனக்குப் பெரிய வேறுபாடாகத் தெரிகிறது.

மற்ற நாடுகளில்?

அமெரிக்காவில் மாநில ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள்; அவர்தான் மாநில அரசின் தலைவர். ஆஸ்திரேலியாவில் மாநில முதல்வரின் ஆலோசனைப்படி மன்னர் நியமிக்கிறார். ஜெர்மனியின் மாநிலங்களில் இப்படி ஒரு பதவியே கிடையாது. கூட்டாட்சி நன்றாகவே ஓடுகிறது.

தமிழ் பேசும் ஆளுநர் வந்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

மொழி தெரிந்தவர் வருவது நல்லது. மகஜரைக் கொடுக்கும் மூதாட்டி தன் வாயால் சொல்வதை நேரே கேட்டுக்கொள்ளும் ஒருவர் இருப்பது சின்ன விடயம் இல்லை. ஹிஸ்புல்லாஹ்வும் பின்னர் செந்தில் தொண்டமானும் தமிழில் பேசினார்கள். 2024 செப்டெம்பரில் ஜயந்த லால் ரத்னசேகர பொறுப்பேற்றார். முன்னாள் படைத்தளபதி, கடற்படை அதிகாரி, நடிகர், நிர்வாக சேவை உத்தியோகத்தர், அரசியல்வாதி, பேராசிரியர் என்று எல்லா வகையினரையும் அந்தக் கதிரை பார்த்துவிட்டது. சிலர் உழைத்தார்கள், சிலர் வந்து போனார்கள். எவராக இருந்தாலும் அவரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் எங்களிடம் இருக்கவில்லை. நல்ல ஆளுநர் கிடைத்தாலும் அவர் எங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் மட்டுமே; எங்கள் உரிமை ஆகாது.

மாகாண சபைத் தேர்தலில் வாக்களிக்க எனக்கு எப்போது வயது வரும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு பாடசாலை மாணவர் என்று நினைத்துவிடாதீர்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் முதலாம் வகுப்பு. கிழக்கில் கடைசியாக மாகாண சபைக்கு வாக்களித்த நாள் 2012 செப்டெம்பர் 8. அன்று அவருக்குப் பதினேழு வயது.